ஏறும்போது நல்ல கால்

கல்லில் வெள்ளி பட்டால் ஒரு சத்தம் வரும். சின்னதாக, உள்ளடங்கி, சோற்றில் மணல் கடிபட்ட மாதிரி. சண்முகவடிவு அதைக் கேட்டது ஒரே ஒரு தடவை. தம்பி நெல்லையப்பன் கல்யாணம் முடிந்து பெண்ணை அழைத்துக்கொண்டு வந்து இறங்கிய அன்று, வாசல்நிலைக்கு இந்தப் பக்கம் அவள் ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். வலது காலை எடுத்து வச்சு வாம்மா, வலது காலை, என்று நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெருவில் கார்க்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அத்தனைக்கும் நடுவில் புது மெட்டி மேல்படியின் விளிம்பில் பட்டு, ணிக். வடிவுக்குக் காது அப்படி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். இந்தப் பக்கம் அழுகிறவன் நிஜமாக அழுகிறானா என்று அந்தப் பக்கம் இருப்பவனுக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். சத்தம் கேட்ட பிறகுதான் கண் அங்கே போனது. இடது கால். மருதாணி போட்ட, பெருவிரல் சற்றே தூக்கின இடது கால். அந்தக் கால் இப்போது, பாளையங்கோட்டை எலும்பு ஆஸ்பத்திரியின் மாடி அறையில், வடிவின் கட்டிலை ஒட்டிப் போட்ட ஸ்டூலுக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. மெட்டி இல்லை. நெல்லையப்பன் போன அன்றைக்கே அது போய்விட்டது. மெட்டி இருந்த இடம் மட்டும் விரலில் வெளுத்து, கயிறு கட்டி அவிழ்த்த மாதிரி ஒடுங்கிக் கிடந்தது. ஸ்டூலின் மேலே பகவதி உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த சுளையை நீட்டவும் இல்லை, தின்னவும் இல்லை, எவர்சில்வர் மூடியில் வரிசையாக அடுக்கினாள். வேண்டுமென்றால் கேட்கட்டும் என்று வைக்கிறாள். கேட்க மாட்டேன். தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டாலும் கேட்க மாட்டேன். ஆடாதே, காலை ஆட்டாதே, வீட்டுக்கு ஆகாது என்று சொல்ல வாய் வந்தது. வீடு என்ற சொல்லில் வடிவின் நினைப்பு தட்டுப்பட்டு நின்றது.

ஏனென்றால் காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலின் கால்மாட்டில் நின்று, எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பந்து நல்லா உக்காந்திருக்கு. இன்னைக்கு டிஸ்சார்ஜ் போடலாம். வீட்டு வாசல்ல படி இருக்குல்லா? பிசியோவில மூணு படி ஏறி இறங்கிக் காட்டட்டும். ஏறிட்டா வீட்டுக்கு. முடியலேன்னா படி இல்லாத எடமாப் பாத்துக்கிடுங்க" என்றார். வடிவைப் பார்த்துச் சொல்லவில்லை, பகவதியைப் பார்த்துச் சொன்னார். இடுப்பு ஒடிந்தவுடன் எல்லோரும் பக்கத்தில் இருப்பவர்களிடம்தான் பேசுகிறார்கள். சாப்பிட்டாங்களா, வெளிக்குப் போனாங்களா, வலி இருக்கான்னு கேளுங்க. பகவதி ஜன்னலைப் பார்த்தாள். படி இல்லாத இடம் எது என்று அவளுக்கும் தெரியும், வடிவுக்கும் தெரியும். நேற்று சாயங்காலம் நடைபாதையில் நின்று மகனோடு போனில் பேசினாளே. கதவு சாத்தியிருந்தால் என்ன? கதவு சாத்தினால் வடிவுக்குக் கேட்காதா? "ஆமா நாதா… எடம் இருக்குன்னு சொல்லுதானா… ஏசி வேண்டாம், உங்க அத்தைக்கு ஒத்துக்காது… நான் ஒத்தையில எப்படித் தூக்குவேன், சொல்லு… சரி, நாளைக்குப் பாத்துட்டுச் சொல்லுதேன்." தாழையூத்துப் பக்கம் ஒரு முதியோர் இல்லம். குற்றாலநாதன் போன வருஷமே அதைப் பற்றிப் பேச்செடுத்தான், தோட்டம் இருக்கு, கோயில் இருக்கு என்று, விடுமுறைக்கு ஊர் சொல்லுகிறவன் மாதிரி. அவன் பிறந்தபோது மூக்கைப் பிடித்துவிட்டதே வடிவுதான். அந்த மூக்கு வழியாகத்தான் இப்போது பேசுகிறான். ஏசி வேண்டாம் என்றாளே, அது என்ன அக்கறை. ஆட்டை வெட்டக் கொண்டுபோகிறவன் வெயிலில் நிறுத்தாதே என்று சொல்கிற அக்கறை.

உள்ளே வைத்திருக்கிற பந்து என்ன உலோகம் என்று அவளுக்குச் சொன்னார்கள், மறந்துவிட்டது. துருப்பிடிக்காது என்று மட்டும் நினைவிருக்கிறது. எல்லாம் எரிந்த பிறகு சாம்பலில் அது மட்டும் கிடக்கும். பொறுக்குகிறவன் கையில் எடுத்துப் பார்ப்பான். கல்லில் போட்டால் என்ன சத்தம் போடும்? வெள்ளி மாதிரி இருக்காது. கனத்த சத்தமாக இருக்கும், டொக் என்று. இதையெல்லாம் நினைக்கக் கூடாது. எதை நினைக்கலாம்? இடது காலை நினைக்கலாம், அது பழகின நினைப்பு, பழைய தலையணை மாதிரி தலைக்கு இடம் கொடுக்கும். அந்த வருஷமே அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மறு வருஷம் கிணற்றுத் தண்ணீர் சப்புத் தட்டிப்போனது. நெல்லையப்பனுக்கு வரவேண்டிய புரமோஷன் பக்கத்து மேஜைக்காரனுக்குப் போனது. ஒவ்வொன்றுக்கும் வடிவு சொன்னாள், மறைத்து ஒன்றும் சொல்லவில்லை, சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் இருக்கும்போதுதான் சொன்னாள்: வச்ச கால் அப்படி. பகவதி பதில் பேசியதே இல்லை. ரசத்தை ஊற்றுவாள். ஊற்றும்போது கரண்டி இலையில் இடிக்காது, அவ்வளவு நிதானம். அந்த நிதானத்தைத்தான் வடிவால் மன்னிக்க முடிந்ததில்லை. கத்தியிருந்தால் ஒரு வருஷத்தில் முடிந்திருக்கும். பெண்ணை அழைத்து வந்த அன்றைக்குச் சாயங்காலம் வீட்டைத் துடைத்ததும் வடிவுதான். புதுப்பெண் ஆரத்தியை மிதித்துக்கொண்டு வந்துவிட்டிருந்தாள். சிவப்புச் சொட்டு, நடையில் ஒன்று, கூடத்தில் நாலைந்து, பூஜை அறை வாசல் வரைக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் என்றால் ஈரத்துணி ஒரு தடவை போனால் போய்விடும். இது போகவில்லை. ஓரத்தில் காய்ந்து, கறுத்து, புளியைப் போட்டுத் தேய்க்கவேண்டி இருந்தது. நடக்கத் தெரியாததைக் கொண்டாந்திருக்கிய என்று அம்மாவிடம் சொன்னாள். மெதுவாகச் சொல்லவில்லை.

"ஆச்சி, ரெடியா?" என்று வந்தாள் பிசியோ பெண் ஜெசிந்தா. நீல உடுப்பு, கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, கையில் அகலமான துணிப் பட்டை. ஆச்சியாம். கல்யாணமே ஆகாதவளுக்கு எந்தப் பேத்தி வழியில் ஆச்சி? முதல் நாளே சொல்லிப் பார்த்தாள், மேடம் என்று கூப்பிடு என்று. சரிங்க ஆச்சி என்றது அந்தப் பெண். இப்போது கட்டிலின் ஓரத்தில் கையை ஊன்றி நின்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி மறுபடி ஆரம்பித்தது. தரையில உக்காரக் கூடாது. சம்மணம் ஆகாது. கால் மேல கால் போடக் கூடாது. குனிஞ்சு எதையும் எடுக்கக் கூடாது. படுக்கும்போது ரெண்டு காலுக்கும் நடுவுல தலையணை. வடிவுக்குச் சிரிப்பு வந்தது, வெளியே விடவில்லை. தரையில் உட்காராமல், குனியாமல், அந்த வீட்டில் என்ன செய்ய முடியும், நிலைக்கண்ணாடி மாதிரி சுவரில் சாய்த்து வைக்க வேண்டியதுதான். "பாத்ரூம் எப்படி, வெஸ்டர்ன் தானே?" என்று ஜெசிந்தா பகவதியைக் கேட்டாள். "ஆமா" என்றாள் பகவதி, ஆரஞ்சுத் தோலைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே. "உயரமா இருக்குமா?" "இருக்கு." பொய். வீட்டில் கொல்லைப்பக்கம் இருப்பது அப்பா காலத்துக் குத்துக்கால் கக்கூஸ், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு குழாய் கூடக் கிடையாது. இவள் ஏன் பொய் சொல்கிறாள்? வீட்டுக்குப் போகிறவளுக்காக யாரும் பொய் சொல்லமாட்டார்கள். எங்கேயோ போகிறவளுக்கு வீட்டில் எது இருந்தால் என்ன. பகவதி எழுந்து வாக்கரை எடுத்து வைத்தபோது அவள் முந்தானை வடிவின் முகத்துக்குப் பக்கமாக வந்தது. சிமெண்டு வாசனை. பார்த்தாள். முந்தானை ஓரத்தில் சாம்பல் நிறமாகத் திட்டு, நகக்கண்ணில் வெள்ளையாக ஒரு கோடு. ஆக, கொத்தனார் வந்திருக்கிறான். அறையைத் தடுக்கிறாள். வடிவின் அறையை, ஜன்னல் வழியாக முருங்கை தெரியும் அறையை, நடுவில் சுவர் வைத்து வாடகைக்கு விடப்போகிறாள். நான் இங்கே எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு கிடக்க, அங்கே கல் மேல் கல் ஏறிக்கொண்டிருக்கிறது.

நடைபாதையில் வாக்கரின் ரப்பர்க் கால்கள் தரையைக் கவ்விக் கவ்வி விட்டன. முதலில் வாக்கர், அப்புறம் ஆபரேஷன் ஆன வலது கால், அப்புறம் இடது. டெட்டால், சாம்பார், எங்கோ எரிந்த ஊதுபத்தி. ஒரு அறையில் யாரோ ஐயோ ஐயோ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், வலியில் இல்லை, வழக்கத்தில். வடிவு அப்படிச் சொல்லவே இல்லை. கொல்லையில் விழுந்து கிடந்தபோதும் சொல்லவில்லை. பாசி பிடித்த இடம், வழுக்கியது, பிறகு வானமும் முருங்கைக் காய்களும் மட்டும். காய்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். புடவை தொடை வரை ஏறியிருந்தது, கை எட்டவில்லை. பகவதியைக் கூப்பிட வேண்டும். அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் கிடந்தாள், எவ்வளவு நேரம் என்று தெரியாது, காக்கை ஒன்று பக்கத்தில் வந்து நடந்து பார்த்துவிட்டுப் போனது. கடைசியில் துணி எடுக்க அவளே வந்தாள். அலறவில்லை. நின்று பார்த்தாள். "அசையாதிய மதினி. நான் தூக்கினா இன்னும் ஒடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வடிவு நினைத்தாள், போய்விட்டாள், விட்டுவிட்டுப் போய்விட்டாள். ஒரு தலையணையும் ஈரிழைத் துண்டும் கொண்டுவந்தாள். தலையணையைத் தலைக்கடியில் வைத்தாள். துண்டால் தொடையை மூடினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தாள். துண்டை மூடின கையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. விழுந்ததை அவள் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. மூடினதுதான்.

பிசியோ அறையில் படி மரத்தில் செய்திருந்தார்கள். மூன்று படி ஏறினால் ஒரு சின்ன மேடை, மறுபக்கம் மூன்று படி இறக்கம், எங்கேயும் போகாத படி. ஜெசிந்தா துணிப் பட்டையை வடிவின் இடுப்பில் இறுக்கினாள். "பின்னால இதைப் பிடிச்சுக்கிடுங்க, விடவே கூடாது" என்று பகவதியின் கையில் கொடுத்தாள். மாட்டுக் கயிறு. கடைசியில் கயிறு கைக்குப் போய்விட்டது. "நல்லாக் கேளுங்க ஆச்சி. ஏறும்போது நல்ல கால் முதல்ல. இறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல. ஏறும்போது எந்தக் கால்?" "நல்ல கால்" என்றாள் வடிவு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, அதற்காகவும் எரிச்சலோடு. "அப்போ இடது. வைங்க." வடிவு வலது கையால் கம்பியைப் பிடித்தாள். கால் தூக்கினாள். வலது. தொடையின் உள்ளே கொதிக்கிற கம்பியை நுழைத்த மாதிரி ஒன்று முழங்கால் வரை ஓடியது. பட்டை பின்னால் இழுத்து நிறுத்தியது. "ஆச்சி, இடது!" மறுபடி நின்றாள். இடது, இடது என்று மனசுக்குள் சொன்னாள். படியைப் பார்த்தாள். மரப்படிதான், வெள்ளைக் கோடு போட்டது, இதற்கு வாசலும் இல்லை நிலையும் இல்லை, உள்ளே சாமி இல்லை. ஆனால் படி என்று கண்ணில் பட்டதும் உடம்பு தன்னால் வலது பக்கம் சாய்கிறது. பிறந்ததிலிருந்து எந்த வீட்டுக்குள்ளும் எந்தக் கோயிலுக்குள்ளும் இடது காலை முன்னால் வைத்துப் போனதில்லை. எக்ஸ்சேஞ்சுக்குள்கூட வைத்ததில்லை. கால் தூக்கினாள். வலது. இந்தத் தடவை ஆ என்று சத்தம் வந்துவிட்டது. ஜெசிந்தா உதட்டைக் கடித்தாள். "இன்னொரு தடவை பாப்போம். இல்லேன்னா டாக்டர்கிட்ட சொல்லிருதேன், இன்னைக்கு வேண்டாம்னு." வேண்டாம் என்றால் தாழையூத்து. தோட்டம், கோயில். அறையின் அந்தக் கோடியில் தோள்பட்டைக்குக் கப்பி இழுத்துக்கொண்டிருந்த ஆள் இழுப்பதை நிறுத்திவிட்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். வடிவின் முழங்கால் நடுங்கியது. பட்டை வழியாக அது பகவதியின் கைக்குப் போயிருக்கும்.

பின்னாலிருந்து பகவதி பேசினாள். ரசம் ஊற்றுகிற அதே நிதானத்தில். "இடது காலை வைங்க மதினி. ஒண்ணும் ஆயிராது. நான் வச்சு வந்தவதானே, இருக்கேன்லா." ஜெசிந்தா புரியாமல் சிரித்தாள். வடிவு திரும்ப முடியாது, திரும்பக் கூடாது என்று விதி. கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே, "ஏட்டி, அதைச் சொல்லிக் காட்டுற எடமா இது?" என்றாள். "சொல்லிக் காட்டல. அன்னைக்கு எனக்கும் வலது கால்தான் ஆகாம இருந்துது. மண்டபத்துல பந்தல் ஆணி ஏறிட்டு. இம்புட்டு ஆழம். சொல்லுவோம்னு பாத்தா ஆரத்தித் தட்டை வச்சுக்கிட்டு நீங்க நின்ன நிப்பு… காலை மடக்கிக்கிட்டே நல்ல காலை வச்சு ஏறிட்டேன். இந்தப் புள்ள சொல்லுதுல்லா, அதே மாதிரிதான்." "ஆணியா? அய்யோ, டிடி ஊசி போட்டீங்களா?" என்றாள் ஜெசிந்தா. "புதுப்பொண்ணுக்கு யாரு போடுவா?" என்றாள் பகவதி. பொய் என்று வடிவுக்கு முதலில் தோன்றியது. இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்து, கயிறு கைக்கு வந்த பிறகு, ஒரு சின்னப் பெண்ணை வைத்துக்கொண்டு சொல்கிறாள். காது அதை ஒத்துக்கொள்ளவில்லை. காதுக்குத் தெரியும். பொய்யில் வார்த்தை ஒன்றுக்கொன்று முட்டும், இதில் முட்டவில்லை. நடையில் ஒன்று. கூடத்தில் நாலைந்து. பூஜை அறை வாசல் வரைக்கும். ஓரத்தில் காய்ந்து, கறுத்து. புளி. விரல் நுனியில் அந்தப் புளியின் பிசுபிசுப்பு வந்தது, தரையின் குளிர்ச்சி வந்தது, குனிந்து தேய்த்துக்கொண்டே அடுக்களைப் பக்கம் பார்த்துத் தான் சொன்ன சொல் வந்தது. சரி. இருக்கட்டும். சொல்லித் தொலைத்திருக்கலாமே. வாய் இல்லையா. சொல்லாமல் வைத்திருந்தது எதற்கு, எனக்குத் தெரியக் கூடாது என்றுதான், நான் சொல்லச் சொல்ல, தனக்குள் வைத்துக்கொண்டு, நீ சொல்லு, நீ சொல்லிக்கொண்டே இரு என்று ரசம் ஊற்றிக்கொண்டு. அதுவும் ஒரு அடிதான். வடிவு அடித்ததெல்லாம் வெளியே அடித்தது. கோபம் அடிவயிற்றிலிருந்து எழும்பி வந்தது, சுடச்சுட, நல்ல கோபம், படுக்கையில் கிடந்த நாளெல்லாம் இல்லாத தெம்போடு. அந்தத் தெம்பில் கால் தூக்கினாள். இடது. மரத்தில் வெறும் பாதம் பட்ட சத்தம், மெத்தென்று, ஒன்றுமே இல்லாத சத்தம். வலது காலை இழுத்துப் பக்கத்தில் சேர்த்தாள். மறுபடி இடது. மறுபடி இடது. மேடையில் நின்று மூச்சு வாங்கினாள். பட்டை தளரவே இல்லை.

இறங்கி முடித்து வீல்சேரில் உட்கார்ந்த பிறகு ஜெசிந்தா கை தட்டிவிட்டு டாக்டரிடம் சொல்லப் போனாள். இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள். பகவதி பட்டையைச் சுருட்டினாள். "எங்க கொண்டு போறே?" என்று வடிவு கேட்டாள். அவளைப் பார்க்காமல் மரப்படியைப் பார்த்துக் கேட்டாள். "எங்கன்னா? வீட்டுக்குத்தான்." "நாதன்கிட்டப் பேசினே." "பேசினேன். அவன் கிடக்கான். படி ஏறலேன்னா என்ன செய்யன்னுதான் கேட்டு வச்சேன்." "பாத்ரூம் இருக்குன்னு அந்தப் பொண்ணுகிட்டப் பொய்யை அளந்தே." பகவதி சுருட்டின பட்டையை மடியில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள். "என்ன பொய்? நாலு நாளா அந்தக் கொத்தனார் வீட்டை நாறடிச்சுட்டுப் போயிருக்கான். பழசை இடிச்சு, உயரமா ஒண்ணு வச்சு, பிடிக்கக் கம்பியும் போட்டாச்சு. கூட்டிப் பெருக்கியே என் இடுப்பு போச்சு. உங்களுக்காகத்தான்னு நெனைச்சுக்கிட வேண்டாம், எனக்கும் முட்டு வலி இருக்கு." வடிவு மரப்படியிலிருந்து கண்ணை எடுத்து அவள் நகக்கண்ணைப் பார்த்தாள். "என்ன கலர்?" என்றாள். "வெள்ளை." "வெள்ளை சீக்கிரம் அழுக்காகும்." "அழுக்கானா கழுவுங்க" என்றாள் பகவதி. பிறகு, "குனியத்தான் கூடாதுன்னு சொல்லியாச்சே. நான்தான் கழுவணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு வீல்சேரைத் தள்ளினாள். அறைக்கு வந்ததும் எவர்சில்வர் மூடியில் இருந்த ஆரஞ்சுச் சுளைகளை எடுத்து வடிவின் மடியில் வைத்தாள். வடிவு ஒன்றை வாயில் போட்டாள். புளித்தது. புளிக்கிறது என்று சொன்னாள்.

சாயங்காலம் ஆட்டோ வாசலில் நின்றபோது எதிர்வீட்டுப் பெண் ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்தாள். சுற்றிக் கொட்டிவிட்டு, "வலது காலை வச்சு ஏறுங்க அத்தை" என்றாள், வாய்ப்பழக்கத்தில். "நீ சும்மா இரு" என்று வடிவும் பகவதியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். வடிவு கல்படியில் இடது காலை வைத்தாள்.

பகவதி அடுத்த ஆனி மாதம், காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது நெஞ்சடைத்து இறந்தாள். குற்றாலநாதன் வீட்டைப் பூட்டினான். சண்முகவடிவு இப்போது தாழையூத்துப் பக்கம் இருக்கிறாள். அங்கே வாசலில் படி கிடையாது, சாய்தளம்தான்.